புகார் விசாரணையும் மதிப்பீட்டு முறையும்

பஞ்சாயத்துக்கு வந்துசேரும் புகார் மனுக்களை ஒருசேர எடுத்துப் படித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மனிதரின் பெயரைக் கொண்டே தொடங்குகின்றன. இன்னார் வேலையைச் செய்யவில்லை, இன்னார் தடுத்தார், இன்னார் பணத்தைத் தின்றார் என்றே மனுக்கள் எழுதப்படுகின்றன. இது இயல்பே. வெறுங்குடத்தோடு குழாயடியில் நிற்கும் தாய் குழாயின் விட்டத்தையும் நீரின் அழுத்தத்தையும் ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். கண்ணுக்குத் தெரிகிற ஆளைத்தான் சுட்டிக் காட்டுவார். ஆனால் மனுவைக் கையில் வாங்குகிற அங்கத்தினரும் அதே பெயரைப் பற்றிக்கொண்டு விசாரணையைத் தொடங்குவாராயின், அவ்விசாரணை முடியும்போது அந்த மனிதர் தண்டனை பெற்றிருப்பார், அல்லது தப்பியிருப்பார். மனுவுக்குக் காரணமாயிருந்த குறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதனைத் தவிர்க்க ஒரு வழியுண்டு. அரசாங்கத் திட்டங்களின் பலனை அளந்தறிவதற்குக் கையாளப்படும் மதிப்பீட்டு முறைகளில் சிலவற்றைப் புகார் விசாரணையிலும் கையாளுவதே அவ்வழி. மதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் இது பட்டணத்து நிபுணர்களின் காரியம் என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. கைக்கடிகாரம் ஒன்றும், குடம் ஒன்றும், கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருந்தால் இதில் பெரும்பகுதியை நாமே செய்து முடிக்கலாம்.

முதலில் இம்முறை நம் நாட்டுக் கிராமங்களுக்கு வந்த வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், அத்திட்டத்தின் பலனை அளந்து சொல்வதற்கென்றே திட்டக் கமிஷனின் கீழ் மதிப்பீட்டு ஸ்தாபனம் ஒன்றும் அமைக்கப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வேலையை நடத்துகிறவர்களிடமே அதன் பலனை அளக்கும் பொறுப்பையும் விட்டுவிடவில்லை. அளப்பவர் வேறு, நடத்துபவர் வேறு என்று அன்றே பிரித்துவைத்தார்கள். பின்னர் 1957-ஆம் ஆண்டில் பல்வந்த்ராய் மேத்தா தலைமையில் அமைந்த குழு இத்திட்டத்தை ஆராய்ந்தபோது, எந்த அதிகாரி தவறினார் என்ற கேள்வியோடு நின்றுவிடவில்லை. இவ்வளவு செலவும் முயற்சியும் இருந்தும் கிராம மக்களின் சொந்த ஊக்கம் ஏன் எழவில்லை என்று கேட்டது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையிலிருந்தே மூன்று அடுக்குப் பஞ்சாயத்து அமைப்பு என்ற யோசனை பிறந்தது. ஆளைத் தேடும் கேள்வி ஒரு மனிதரோடு முடிந்துவிடும். காரணத்தைத் தேடும் கேள்வி ஓர் அமைப்பையே மாற்ற வல்லது.

இனி ஒரு புகாரை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். இது நாம் விளக்கத்தின் பொருட்டு அமைத்துக்கொண்ட உதாரணமே. எனினும் இதனைப் படிக்கும் அங்கத்தினர் பலருக்கும் தம் ஊர் நினைவுக்கு வரக்கூடும்.

ஓர் ஊரில் 120 வீடுகள், ஏறத்தாழ 480 பேர். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளும். ஒரே பிரதானக் குழாய் ஊருக்குள் ஓடி, கடைசியில் 30 வீடுகள் உள்ள தெருவில் முடிகிறது. காலை 6 மணி முதல் 7 மணி வரை தண்ணீர் விடப்படுகிறது. கடைசித் தெருவார் கொடுத்த மனுவில், “தொட்டி இயக்குபவர் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்துசேரும் முன்பே வேண்டுமென்றே வால்வை மூடிவிடுகிறார், அவரை வேலையைவிட்டு நீக்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறது.

இம்மனுவில் மூன்று செய்திகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. தண்ணீர் போதவில்லை என்பது ஒன்று. வால்வு முன்னதாக மூடப்படுகிறது என்பது மற்றொன்று. அது வேண்டுமென்றே செய்யப்படுகிறது என்பது மூன்றாவது. இவற்றை முதலில் தனித்தனியே பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். முதலாவதைக் குடத்தால் அளக்கலாம். இரண்டாவதைக் கடிகாரத்தால் அளக்கலாம். மூன்றாவதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. மனத்தில் உள்ளதை அளக்க முடியாது என்பதற்காக, அளக்கக்கூடிய மற்ற இரண்டையும் விட்டுவிடுதல் பெரும் தவறாகும். பல விசாரணைகளில் நிகழ்வது இதுவே. “உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, எனவே புகார் முடிக்கப்பட்டது” என்று எழுதிக் கோப்பைக் கட்டிவைத்துவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை என்பதனால் குடம் நிறைந்துவிடுமா?

அடுத்து, போதவில்லை என்றால் எதற்குப் போதவில்லை என்று ஓர் அளவு வேண்டும். அளவுகோல் இல்லாத மதிப்பீடு வெறும் அபிப்பிராயமே. 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் ஊரகப் பகுதிக்கு வகுக்கப்பட்ட அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நம் ஊரின் 480 பேருக்கு 26,400 லிட்டர் வேண்டும். தொட்டி ஒருமுறை நிறைந்தால் 30,000 லிட்டர். ஆகவே ஊருக்குத் தேவையான நீர் தொட்டியில் இருக்கிறது. அது பங்கிடப்படுவதில்தான் குறை இருக்க வேண்டும். ஒரு காகிதத்தில் இரண்டு வரிக் கணக்கு, விசாரணையை ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து குழாய்ப் பாதைக்குத் திருப்பிவிட்டதைப் பாருங்கள். புதிய கிணறு வேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்பி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வேலையும் இதனால் மிச்சமாகிறது.

ஏட்டையும் இடத்தையும் ஒப்பிடுதல்

இனி இடத்துக்குச் செல்ல வேண்டும். செல்லும் முன் ஏட்டைப் பார்த்துவிட வேண்டும். தொட்டி இயக்குபவரின் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் 6 முதல் 7 வரை என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில் எழுதியிருந்தால் அதனைக் கண்டவுடன் பொய்யென்றும் கொள்ள வேண்டாம், மெய்யென்றும் கொள்ள வேண்டாம். ஏடு ஒரு சாட்சி; அவ்வளவே.

ஏட்டைச் சாட்சியாக்கி, இடத்தாலும் ஆளாலும் அதைச் சோதிப்பது எவ்வளவு வலிமையுடையது என்பதை ராஜஸ்தானத்து ஏழைத் தொழிலாளர்கள் நாட்டுக்குக் காட்டினார்கள். 1994-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்னும் ஊரில், மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பினர் பொது விசாரணை ஒன்றை நடத்தினார்கள். வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலை ஊரார் நடுவில் உரக்கப் படித்தார்கள். பட்டியலில் பெயருள்ளவர்களே எழுந்து, தாம் அங்கே வேலை செய்ததுண்டா, கூலி பெற்றதுண்டா என்று சொன்னார்கள். பட்டியலைப் பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்த வரையில் அது மறுக்க முடியாத ஆவணம். திறந்து படித்தபோதுதான் அது சோதனைக்கு உள்ளாயிற்று. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் சமூகத் தணிக்கைப் பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்ததும், அதே ஆண்டில் தகவல் பெறும் உரிமைச் சட்டம் நாடெங்கும் வந்ததும் இத்தகைய முயற்சிகளின் தொடர்ச்சியே. தமிழ்நாட்டில் தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் 1997-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடலாம்.

நம் ஊருக்குத் திரும்புவோம். முன்னறிவிப்பின்றி ஏழு நாள் காலையில் இருவர் தொட்டியடியில் நின்று, வால்வு திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் குறிக்கிறார்கள். ஐந்து நாள் முழுமையாக 60 நிமிடம் விடப்படுகிறது. இரண்டு நாள் 40 நிமிடத்திலேயே மூடப்படுகிறது. ஏட்டில் ஏழு நாளும் 60 என்றே இருக்கிறது. ஆகவே மனுவின் இரண்டாவது செய்தியில் உண்மை உண்டு. அவ்விரு நாளும் அவர் அடுத்த குக்கிராமத்தின் தொட்டியைத் திறக்க ஓட வேண்டியிருந்தது என்று சமாதானம் சொல்லக்கூடும். அச்சமாதானத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஏட்டில் பொய் எழுதியதற்கு அது சமாதானமாகாது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் விசாரணை இங்கே முடிந்துவிட்டதென்று கருதினால் நாம் ஏமாந்துபோவோம். 60 நிமிடம் முழுமையாக விட்ட நாளில் கடைசித் தெருவில் எவ்வளவு கிடைத்தது? 15 லிட்டர் கொள்ளும் குடத்தைக் கடைசிக் குழாயில் வைத்துப் பார்த்தால், அது நிறைய 9 நிமிடம் ஆகிறது. ஒரு மணி நேரத்தில் 100 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வேண்டியதோ 220 லிட்டர். வால்வு ஒரு நிமிடமும் முன்னதாக மூடப்படாத நாளிலும் அத்தெருவுக்குப் பாதி நீர்கூடக் கிடைக்கவில்லை. எனவே அவரை நீக்கிவிட்டு வேறொருவரை அமர்த்தினாலும் குடம் நிறையப்போவதில்லை.

இதுவே மதிப்பீட்டு முறையின் உயிர்நிலை. குற்றம் சாட்டப்பட்டவர் தம் கடமையை முற்றிலும் ஒழுங்காகச் செய்திருந்தால் குறை நீங்கியிருக்குமா என்று நாம் கேட்க வேண்டும். நீங்கியிராது என்றால் வேறொரு காரணம் மறைந்திருக்கிறது. அதனை நாம் தேடியாக வேண்டும்.

மோட்டாரைக் கண்டுபிடித்த கதை

அந்தக் காரணம் என்னவாக இருக்கலாம் என்பதைக் குழாயடிப் பெண்கள் முதல் நாளிலேயே சொல்லியிருப்பார்கள்: நடுத் தெரு வீடுகளில் சிலர் குழாய் இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். ஊரறிந்த இந்த இரகசியம் மனுவில் மட்டும் இராது. ஏனெனில் தொட்டி இயக்குபவரின் பெயரை எழுதுவது எளிது; மோட்டார் வைத்திருக்கும் வீட்டாரின் வயலில்தான் கடைசித் தெருவார் பலர் கூலி வேலை செய்கிறார்கள். மனு எழுதுபவர் எதை எழுதாமல் விடுகிறார் என்பதையும் விசாரிப்பவர் படித்தறிய வேண்டும்.

ஆயினும் பேச்சைக் கொண்டு முடிவு கட்டலாகாது. மோட்டார்தான் காரணம் என்பதை எப்படிச் சோதிப்பது? மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் பகல் முழுவதும் நிறுத்தப்படும் நாள் ஒன்று உண்டல்லவா? முந்திய இரவே தொட்டியை நிரப்பிவைத்து, அன்று காலை விடாமல் மின்சாரம் நின்றபின் 10 மணிக்குத் தண்ணீரை விட்டால், தொட்டி உயரத்தில் இருப்பதனால் நீர் தானே ஓடிவரும், மோட்டார்கள் ஓடா. அன்று கடைசிக் குழாயில் குடம் 4 நிமிடத்தில் நிறைகிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 225 லிட்டர். தேவை நிறைவேறிவிட்டது. மோட்டாரே காரணம் என்று உடனே எழுதிவிடலாமா?

கூடாது. இவ்விடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அன்று இரண்டு காரியங்கள் மாறியிருக்கின்றன. மின்சாரம் இல்லை என்பது ஒன்று. தண்ணீர் விட்ட நேரம் 6 மணி அல்ல, 10 மணி என்பது மற்றொன்று. 10 மணிக்குப் பாதி ஊர் வயலுக்குப் போயிருக்கும். குழாய் திறப்பவர் குறைவு. அதனாலேயே கடைசித் தெருவுக்கு அதிக நீர் போயிருக்கலாம். ஆகவே மின்சாரம் உள்ள மற்றொரு நாளிலும் அதே 10 மணிக்குத் தண்ணீர் விட்டு அளந்து பார்க்க வேண்டும். அன்று 7 நிமிடம் ஆகிறதென்று கொள்வோம். இப்போது கணக்குத் தெளிவாகிறது. காலை 6 மணிக்கு 9 நிமிடம். மின்சாரம் உள்ள 10 மணிக்கு 7. மின்சாரம் இல்லாத 10 மணிக்கு 4. நேரத்தை மாற்றியதனால் குறைந்தது 2 நிமிடம். மோட்டார்கள் நின்றதனால் குறைந்தது 3 நிமிடம். இரண்டு காரணங்களும் உண்மை, பெரியது மோட்டார். ஒவ்வொன்றையும் ஒருநாள் மட்டும் அளந்து நிறுத்தாமல் இரண்டு மூன்று நாள் அளந்தால் நம்பிக்கை கூடும். நெல்லுக்கு உரமிட்டுப் பார்க்கும் விவசாயி, ஒரு பாத்திக்கு உரமிட்டு அடுத்த பாத்தியை இடாமல் விட்டு ஒப்பிடுகிறார் அல்லவா? அதே அறிவுதான் இது. மண்ணும் நீர்ப்பாய்ச்சலும் ஒன்றாக இருக்கும் பாத்திகளைத்தான் அவர் ஒப்பிடுவார்.

வீடுவீடாகக் கேட்கும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும். தாமே முன்வந்து பேசுகிறவர்களை மட்டும் கேட்டால் ஊரின் குரல் கிடைக்காது. உரக்கப் பேசுகிறவர்களின் குரல்தான் கிடைக்கும். வீட்டுப் பட்டியலை எடுத்து ஐந்தில் ஒன்றாக 24 வீடுகளைக் குறித்துக்கொண்டு, அவ்வீடுகளுக்கே செல்ல வேண்டும். புகார் வந்த தெருவில் 30 வீட்டையும் கேட்டுவிடலாம். “தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?” என்று கேட்டால், கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் வரும். “நேற்று எத்தனை குடம் பிடித்தீர்கள்? கடைசிக் குடம் எப்போது நிறைந்தது?” என்று கேட்டால் எண் வரும். நீர் பிடிப்பவர்கள் பெண்களாதலால் அவர்களையே, தனியே, குழாயடியில் கேட்பது நலம். தலைவர் வீட்டுத் திண்ணையில் வரவழைத்து நிறுத்திக் கேட்ட வாக்குமூலத்தை நாம் பெரிதாக மதிப்பதில்லை.

கேட்கிறவர் யார்?

நடுத் தெருவில் மோட்டார் வைத்திருக்கும் வீடுகளில் ஒன்று விசாரணைக் குழு அங்கத்தினருடையதாகவோ அவர் மைத்துனருடையதாகவோ இருந்தால் என்ன செய்வது? அவர் விலகிக்கொள்ள வேண்டும். வேறு யோசனைக்கு இடமில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளுக்குரியவை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவர் உறவினரையும் குடவோலைக்குப் பெயரிடத் தகாதவர் என்று விலக்கிவைத்தன. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே உரியதாயிருந்த அச்சபையை இன்றைய கிராம சபைக்கு முன்மாதிரியென்று புகழ்வதில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் உறவு கணக்கை மறைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மனுதாரரின் பாதுகாப்பும் இதனோடு சேர்ந்ததே. மனு கொடுத்தவர் நாளைக்கும் அதே ஊரில் கூலிக்குப் போக வேண்டும், கடையில் கடன் சொல்ல வேண்டும். ஆகையால் அளவெடுப்பு முடியும்வரை மனுதாரர் பெயரைப் பேச வேண்டிய அவசியம் என்ன? குடமும் கடிகாரமும் சாட்சி சொல்லுகையில் அவரை நடுச்சபையில் நிறுத்த வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. அளவெடுப்பதால் கிடைக்கும் பலன்களில் இதனையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

சில காரியங்கள் பஞ்சாயத்தின் விசாரணைக்கு அப்பாற்பட்டவை. கடைசித் தெரு ஆதி திராவிடர் குடியிருப்பாக இருந்து, அவர்களைப் பொதுக் குழாயில் நீர் பிடிக்கவிடாமல் எவரேனும் தடுத்திருந்தால், அது குறையன்று, குற்றம். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்கென்றே உள்ளன. அதனைச் சமரசம் பேசி முடிக்கப் பஞ்சாயத்துக்கு உரிமையில்லை. போலீஸாரிடம் சேர்ப்பதே கடமை. அவ்வாறே பணம் கையாடப்பட்டதற்கு அடையாளம் தென்பட்டால், மேலும் கிளறாமல் ஏடுகளை உள்ளபடியே பத்திரப்படுத்தி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் 1964-ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது. அரைகுறையாக விசாரித்து, சம்பந்தப்பட்டவர் ஏட்டைத் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்துவிடும் அங்கத்தினர், நல்லெண்ணத்தாலேயே வழக்கைக் கெடுத்தவராகிறார்.

அறிக்கை நீளமாக இருக்க வேண்டியதில்லை. நம் உதாரணத்தில் ஒரு பக்கம் போதும். தண்ணீர் போதவில்லை என்ற புகார் உண்மை. நிலையளவு 220 லிட்டர், கிடைத்தது 100. வால்வு முன்னதாக மூடப்பட்டது ஏழு நாளில் இரண்டு நாள். பதிவேட்டில் உண்மைக்கு மாறாக எழுதப்பட்டுள்ளது. இதற்குத் தொட்டி இயக்குபவரிடம் விளக்கம் பெற்று எச்சரிக்கை செய்ய வேண்டும். இரு தொட்டிகளையும் ஒரே நேரத்தில் திறக்கும்படி அவருக்கு வேலை வகுத்ததைப் பஞ்சாயத்தே திருத்த வேண்டும். உள்நோக்கம் பற்றி முடிவு கூறச் சான்றில்லை. குறையின் பெரும்பகுதிக்குக் காரணம் மோட்டார்கள். அவற்றை அகற்றத் தீர்மானம் வேண்டும். மின்சாரம் உள்ள நாளும் இல்லாத நாளும் எடுத்த அளவுகள் இணைக்கப்பட்டுள்ளன. இவ்வளவே. மனுதாரருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இதன் நகல் ஒவ்வொன்று எழுத்தில் போக வேண்டும். வேலை போய்விடுமோ என்று சில வாரம் தூங்காமலிருந்த தொட்டி இயக்குபவருக்கும், தம் பேச்சை எவரும் கேட்கமாட்டார் என்றிருந்த தெருவாருக்கும் இது ஒன்றுபோல் உரியது.

மோட்டார்கள் எடுக்கப்பட்ட மூன்று மாதம் கழித்து, அதே கடைசிக் குழாயில், அதே 6 மணிக்கு, அதே 15 லிட்டர் குடத்தை வைத்து மறுபடியும் அளக்க வேண்டும். மோட்டார்கள் மெல்லத் திரும்பி வரும் பழக்கமுடையவை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்படும் கிராம சபைகளில் ஒன்று, உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22-ஆம் தேதிக்குரியது. அன்று முதல் அளவையும் மறு அளவையும் பக்கத்தில் பக்கமாக எழுதிப் படித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் பதிந்துவைக்கலாம்.